காற்றுப் பெட்டியைத் திறந்தவன்

அந்தக் காரின் பானெட்டைத் திறந்தால் உள்ளே கார்புரேட்டர் இருக்காது. முதலில் என்னைப் பயமுறுத்தியது அதுதான். அம்பாசடர், ஜீப், மொபெட் எதுவாக இருந்தாலும் எஞ்சின் சரியாக ஓடவில்லை என்றால் என் கை தானாகக் கார்புரேட்டருக்குத்தான் போகும், பெட்ரோலையும் காற்றையும் கலப்பது அதுதானே. இந்த ஜப்பான் காரில் அது இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. ஏர் பில்டர் டப்பாவுக்கு அடுத்து, டிபன் பாக்ஸ் அளவில் ஒரு அலுமினியப் பெட்டி, மேலே கறுப்பு மூடி, பக்கத்தில் வயர் சொருகி. எஞ்சினுக்குப் போகும் காற்று முழுக்க அந்தப் பெட்டி வழியாகத்தான் போகும். உள்ளே கதவு மாதிரி ஒரு தகடு. காற்று தள்ளத் தள்ளத் தகடு திறக்கும். எவ்வளவு திறந்தது என்று வயர் வழியாகக் கம்ப்யூட்டருக்குச் சேதி போகும், அதற்குத் தகுந்தபடி அது பெட்ரோல் விடும். அன்றைக்கு எனக்கு இவ்வளவு தெரியாது. பெட்டி என்று மட்டும் தெரியும்.

நீங்கள் இரண்டு பேரும் அப்போது சின்னப் பிள்ளைகள். தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. திருப்பூர் முதலிபாளையம் ரோட்டில் தகரக் கூரை போட்டு நான் ஒர்க்‌ஷாப் வைத்து மூன்றாவது வருஷம். அதற்கு முன்னால் எட்டு வருஷம் ஒரு பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் பிட்டராக இருந்தேன். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவனுக்கு அது நல்ல வேலைதான். எனக்கு வண்டி மேல்தான் ஆசை. கம்பெனியை விட்டு வந்தேன். உங்கள் அம்மா அதே கம்பெனியில் செக்கிங்கில் தொடர்ந்தாள். பீஸ் பீஸாக விரித்து ஓட்டை, அழுக்கு, விட்டுப்போன தையல் பார்க்கிற வேலை. ஷெட்டில் வண்டி இல்லாத வாரம் அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. அதை இப்போது எழுத எனக்குக் கூச்சமில்லை. அப்போது இருந்தது.

அந்த வருஷம் கம்பெனியில் வெளிநாட்டு மெஷின்கள் வந்து இறங்கின. பழைய மேனேஜர் அம்மாவிடமே சொல்லி அனுப்பினார்: பிட்டர் வேலை காலியாக இருக்கிறது, ஆயுத பூஜை வரைக்கும் ஆள் எடுக்காமல் வைத்திருப்பேன், உன் வீட்டுக்காரனை யோசிக்கச் சொல். அம்மா சண்டை போடவில்லை. சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, இந்த ஆயுத பூஜைக்கு எந்தப் பொரிங்க திங்கறது? கம்பெனிப் பொரியா, ஷெட்டுப் பொரியா?"

ஷெட்டுப் பொரிதான் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது கையில் ஒரே ஒரு வண்டிதான் இருந்தது. அது இந்தக் கார்.

காரின் சொந்தக்காரர் துணிக்கடைகள் நிறைந்த காதர்பேட்டையில், பனியன் கழுத்துக்கு வைக்கிற ரிப் துணியும் காலரும் விற்கிற வியாபாரி. எல்லாரும் பாய் என்றே கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். அவருடைய மச்சான் சிங்கப்பூரில் குடித்தனத்தை முடித்துக்கொண்டு வந்தபோது கப்பலில் கொண்டுவந்த கார் அது. பாயின் மகளைக் குன்னூரில் கட்டிக் கொடுத்திருந்தது. மாதம் ஒருமுறை மலையேறிப் போய் மகளைப் பார்ப்பதற்காகவே காரை வாங்கிக்கொண்டார். கார் வந்தவுடன் ஆயில் மாற்ற என்னிடம்தான் விட்டார். அதற்குக் காரணம் உண்டு.

திருப்பூரில் காற்றிலேயே பஞ்சு இருக்கும். கம்பெனி வாசலில் நிற்கிற வண்டிக்கு ஏர் பில்டர் சீக்கிரமே அடைத்துப்போகும். அதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். ரிப் துணி மெஷினிலிருந்து குழாயாகத்தான் இறங்கும், இழுத்தால் விரியும், விட்டால் கவ்விக்கொள்ளும். கட்டிங் வேஸ்ட்டில் கிடைக்கிற ரிப் குழாயைச் சாண் நீளம் வெட்டிக் காலுறை மாதிரி காற்றுக் குழாயின் வாயில் மாட்டிவிடுவேன். பஞ்சு துணியில் நின்றுவிடும். வாரம் ஒருமுறை உருவி உதறினால் போதும். ஊருக்குள் பாதி வண்டிகளுக்கு இது நான் மாட்டியதுதான். பாயின் கார் வெளிநாட்டுக் கார் ஆயிற்றே என்று இரட்டைக் காவலாக மாட்டினேன். வெளிக் குழாய் வாயில் ஒன்று, பில்டருக்கும் அந்த அலுமினியப் பெட்டிக்கும் நடுவில் இன்னொன்று. பாய்க்கும் சந்தோஷம். அவர் கடைத் துணியேதான் அது.

இரண்டு மாதம் கழித்துக் குன்னூர் மலையில், பர்லியாறு தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவில் கார் இழுக்காமல் நின்றுவிட்டது. பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தானாம். பாய் தம் சம்சாரத்தைக் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு காய்கறி லாரியில் ஏற்றி மேலே அனுப்பிவிட்டு, காரைப் பின்பக்கமாகவே இறக்கி எப்படியோ திருப்பிக்கொண்டு வந்தார். கோயமுத்தூரில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் காட்டினார். அங்கே, காற்றுப் பெட்டி போய்விட்டது, வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டும், மூடி சீல் வைத்தது, திறந்தால் குப்பைதான் என்று சொல்லி அனுப்பினார்களாம்.

பாய் என் ஷெட்டுக்கு வந்து பானெட்டில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"நீ பாக்கறியா தம்பி, இல்ல நான் வித்துத் தலை முழுகட்டுமா?"

"பாக்கறேங்க பாய்" என்றேன்.

துணிச்சல் என்று நினைத்துவிடாதீர்கள். கார்புரேட்டர் இல்லாத வண்டிகள் இனிமேல் வந்துகொண்டே இருக்கும் என்பது அந்த ஒரு காரைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. இதைத் திறக்கப் பயந்தால் இன்னும் சில வருஷத்தில் நான் பஞ்சர் ஒட்டத்தான் லாயக்கு. அதற்குக் கம்பெனிக்கே திரும்பிப் போய்விடலாம்.

மூடியைச் சுற்றியிருந்த பசையைப் பிளேடால் கீறித் திறந்தேன். உள்ளே பார்த்ததும் பயம் பாதி குறைந்தது. ஒரு சுருள் ஸ்பிரிங், அதைப் பிடித்திருக்கும் பல் சக்கரம், சக்கரம் நகராமல் ஒரு பல்லில் கவ்வியிருக்கும் கம்பி கிளிப். கறுப்புத் தடத்தின் மேல் தேய்த்து நகரும் ஒரு கை. ஸ்பிரிங்கும் பல் சக்கரமும் எனக்குப் புதிதா? நிட்டிங் மெஷினில் நூல் இழுவையை எட்டு வருஷம் இப்படித்தானே வைத்தேன். சக்கரத்தில் பல் இருக்கிறது என்றால் திருப்புவதற்குத்தான் இருக்கிறது.

ஸ்பிரிங் இளகினால் அதே காற்றுக்குத் தகடு அதிகமாகத் திறக்கும், பெட்ரோல் கூடும், வண்டி இழுக்கும் என்று கணக்குப் போட்டேன். சரியான கணக்குதான். பழைய இடம் தெரிய வேண்டும் என்று, கிளிப் கவ்வியிருந்த பல்லின் மேல் கட்டிங் மாஸ்டர்கள் வைத்திருக்கிற சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டேன். கிளிப்பை நெம்பியதும் சக்கரம் விரலிலிருந்து ஒருமுறை வழுக்கிச் சுழன்றது. பிடித்து, குத்துமதிப்பாக ஏழெட்டுப் பல் இளக்கி வைத்தேன். உள்ளே கொஞ்சம் கரித்தூள் கிடந்தது. பழக்கதோஷம், பக்கத்தில் கிடந்த பனியன் வேஸ்ட்டை எடுத்துச் சுத்தமாகத் துடைத்தேன். துடைத்து முடித்த பிறகுதான் சாக்குக்கோடும் போய்விட்டதைப் பார்த்தேன். திரும்பிப் போக வழி இல்லை.

ஆனாலும் பெருமாநல்லூர் ரோட்டில் ஓட்டிப் பார்த்தபோது கார் பறந்தது. கோயமுத்தூரையே ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு. மறுநாளே பாயிடம் விட்டேன்.

நான்கு நாள்கூட ஆகவில்லை. காதர்பேட்டைக்கு நடுவில், கடைக்காரர்கள் எல்லாரும் பார்க்க, கார் கரும்புகை கக்கிக்கொண்டு நின்றுபோனது. பாயின் வெள்ளைச் சட்டையில் பெட்ரோல் வாடை. மேம்பாலத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு போனால் பழையபடியே இழுக்கவில்லை. சும்மா நிற்கும்போது பெட்ரோல் அதிகம், ஏறும்போது போதவில்லை. ஒரே வண்டியில் இரண்டும் எப்படி? பாய் கோபப்படவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"தம்பி, வியாழக்கிழமை புரோக்கர் வர்றான். புதன்கிழமைக்குள்ள இது குன்னூர் ஏறணும். ஏறலைன்னா வித்துடறேன். காதர்பேட்டையில உன்னைப் பத்திக் கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன், பாத்துக்க" என்றார்.

வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. பாயின் வாயிலிருந்து வரும் ஒரு வார்த்தைக்குக் காதர்பேட்டையில் என்ன மதிப்பு என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். அன்று அவள் பொரியைப் பற்றிப் பேசவில்லை.

எங்கள் ஷெட்டுக்கு எதிரே டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். அவரிடம் பெட்டியைக் கொண்டுபோனேன். மூடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இதுக்கா வே மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு அலையுதீரு? ரேடியோவுல சத்தம் கூட்டுத திருகு இருக்குல்லா, அதேதான். தகடு திருகுது, கரண்டு கூடுது. அம்புட்டுத்தான்."

தம்முடைய முள் மீட்டரின் வயர்களை வைத்து, தகட்டை மெதுவாகத் தள்ளச் சொன்னார். தள்ளினேன். முள் ஒரே சீராக ஏறியது. முக்கால் பங்கு ஏறி நின்றுவிட்டது. இன்னும் அழுத்தினேன். முள் கொஞ்சம் அசைந்து, அழுத்தத்தைத் தளர்த்தியதும் அதே இடத்துக்கு வந்தது. மூன்று தடவை, நான்கு தடவை, அதே இடம்.

"தடத்துல கோளாறு இல்ல. அப்படின்னா முள்ளு ஆடும், இப்படி நிக்காது. தகட்டை எதுவோ புடிச்சி இழுக்கு வே" என்றார்.

அதுவரை தகட்டின் எல்லையே அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். பெட்டியை வெயிலில் பிடித்து, தகட்டின் அச்சு நுழைகிற மூலையில் ஊசியை விட்டுக் கிளறினேன். எண்ணெயும் தூசியும் ஏறிக் கறுத்துப்போன ஒரு நூல் வந்தது. இழுக்க இழுக்க வந்தது. முழமே இருக்கும். அச்சில் சுற்றிச் சுற்றி இறுகி, தகடு முக்கால் திறந்ததும் ரப்பர் மாதிரி பிடித்து நிறுத்தியிருக்கிறது. மலையில் முழுக்காற்று வேண்டும்போது தகடு முழுதாகத் திறக்கவில்லை, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்து விட்டிருக்கிறது. ஸ்பிரிங்கில் ஒரு குற்றமும் இல்லை. அதைப் போய் நான் இளக்கி வைத்தேன்.

நூல் எங்கிருந்து வந்தது? ஊர் முழுக்க நூல்தான், எங்கிருந்தோ காற்றில் வந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டுக்கு எடுத்து வந்து அம்மாவிடம் காட்டினேன். அவள் அதைச் சோப்பு நீரில் அலசி, விரலில் நீவி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இது காத்துல வந்ததில்லீங்க. கோன்ல சுத்தி வர்ற நூலா இருந்தா நேரா இருக்கும். இது வளைஞ்சு வளைஞ்சு இருக்குது பாருங்க. துணியிலருந்து பிரிஞ்ச நூலு. ரிப்புங்க."

நூலை அவள் கையிலிருந்து வாங்கி நானும் வெளிச்சத்தில் பிடித்தேன்.

"அந்த உறையை எடுத்துட்டு வாங்க" என்றாள்.

பில்டருக்கும் பெட்டிக்கும் நடுவில் நான் மாட்டிய உறையைக் கொண்டுவந்தேன். ஓரத்தை இரண்டு கையால் விரித்துப் பார்த்தாள். ஒரு சுற்றுப் பின்னல் பிரிந்துபோயிருந்தது. ஒரு முனையில் நூல் தொங்கிக்கொண்டிருந்தது. கம்பெனியில் பீஸைத் தள்ளி வைப்பது போலவே அதைத் தரையில் ஒரு பக்கமாகத் தள்ளி வைத்தாள்.

"எங்க டேபிளுக்கு வந்திருந்தா ரிஜெக்டுங்க."

ரிப் துணி மெஷினில் கடைசியாகப் பின்னிய முனையிலிருந்துதான் பிரியும். முதலில் பின்னிய முனையை எவ்வளவு இழுத்தாலும் பிரியாது. இது நிட்டிங்கில் சேர்ந்த முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். எட்டு வருஷம் மெஷினோடு நின்ற நான், பிரிகிற முனையை எஞ்சின் பக்கம் வைத்து மாட்டியிருக்கிறேன். அம்பாசடரில் நூல் போனாலும் கார்புரேட்டர் வழியாகப் போய் எரிந்திருக்கும், யாருக்கும் தெரியாது. இந்தக் காரில் ஒரு தகடு காத்திருந்தது.

"பாய்கிட்டச் சொல்லிப் போடுங்க" என்றாள் அம்மா.

மலை ஏறட்டும், அப்புறம் சொல்கிறேன் என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். நூலைக் காகிதத்தில் மடித்து என் கையில் கொடுத்தாள்.

நூல் போய்விட்டது, உறை இரண்டையும் கழற்றி எறிந்தாயிற்று. ஆனால் ஸ்பிரிங்கின் பழைய இடம் தெரியாது. நூல் இல்லாத தகடு இப்போது எல்லா நேரமும் அதிகமாகத் திறந்து, வண்டி பெட்ரோலைக் குடித்துக் கறுப்பாகப் புகைந்தது. சரியான பல்லைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும். இரண்டரை நாள் இருந்தது. உங்களில் பெரியவனின் பழைய நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு பல்லாக இறுக்குவது, பாயின் குடோனிலிருந்து வாங்கிய துணி ரோல்களை டிக்கியிலும் பின் சீட்டிலும் அடைத்துக்கொண்டு மேம்பாலத்தை மூன்றாவது கியரில் ஏறுவது, இறங்கி ஓரங்கட்டி ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது. பிளக்கில் கரி பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு. லேசான பழுப்பு வர வேண்டும். டையிங் பட்டறையில் சாயத்தின் ஷேடு பார்க்கிற மாதிரி வெயிலில் வைத்துப் பார்த்து எழுதிக்கொள்வேன். எழுதாமல் எதையும் திருப்பவில்லை. சக்கரத்தில் இந்தத் தடவை சாக்குக்கட்டி வேண்டாமென்று ஊசியால் கீறல் போட்டுக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை மதியத்துக்குள் மேம்பாலத்தை எத்தனை தடவை ஏறி இறங்கினேனோ தெரியாது. பாலத்தடி டீக்கடைக்காரர் குறுக்கே வந்து நின்றார்.

"ஏனுங்க, பாலத்தை அளந்து வாங்கற எண்ணமுங்களா? வந்ததுக்கு ஒரு டீயாச்சும் குடிச்சுட்டு அளங்க."

குடித்தேன். திரும்ப ஏறினேன். நான்காவது பல்லில் புகை நின்றது. ஐந்தில் நன்றாக இழுத்தது. ஆறில் பிளக் கச்சிதமான பழுப்பு, நின்றாலும் அணையவில்லை, ரோல்களோடு பாலத்தை ஏறும்போது காலை இன்னும் அழுத்த மிச்சம் இருந்தது. ஏழில் வெளுத்து, இழுவை குறைந்தது. ஆறுக்கே திரும்பினேன். அப்போதுதான் சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போது கண்ணில் பட்டது: ஏழாவது பல்லின் ஓரம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. பல வருஷம் கிளிப் கவ்வியிருந்த இடம் அதுதான். கார்க் கம்பெனிக்காரன் வைத்தது ஏழு. இந்த எஞ்சின் பழசு, நம் ஊர்ப் பெட்ரோலும் வேறு. ஏழிலேயே வைத்துவிட்டுப் பழியில்லாமல் இருக்கலாமா என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்து யோசித்தேன். நோட்டைப் பார்த்தேன். ஆறிலேயே கிளிப்பை மாட்டி, மூடியைப் பசை வைத்து ஒட்டினேன்.

புதன்கிழமை காலையில் பாய் முன் சீட்டில் உட்கார்ந்தார். நான் ஓட்டினேன். அவிநாசி, அன்னூர், மேட்டுப்பாளையம் வரை அவர் துணி விலை பேசிக்கொண்டு வந்தார். கல்லாறு தாண்டியதும் பேச்சு நின்றது. மலை ஏறத் தொடங்கியதிலிருந்து என் காது எஞ்சினில்தான் இருந்தது. பர்லியாறு தாண்டி அந்த வளைவு வந்தது. இரண்டாவது கியர். கார் ஒரு திணறலும் இல்லாமல் சுற்றி ஏறி, அடுத்த வளைவையும் ஏறியது. பாய் கதவுக் கைப்பிடியை விட்டுவிட்டு ஒரு மூச்சு விட்டார்.

"கோயமுத்தூர்க்காரன் முடியாதுன்னான். வெளிநாட்டுப் பெட்டியே கெட்டுப்போச்சுன்னான். அதை நம்ம ஊர்ப் பிட்டர் சரி பண்ணிட்டான்னு காதர்பேட்டை பூரா சொல்லறேன் பாரு" என்றார்.

அதைத்தான் நான் ஒரு மாதமாக எதிர்பார்த்திருந்தேன். சும்மா இருந்திருந்தால் போதும். ஆனால் ஊருக்குள் பாதி வண்டிகளில் அந்த உறை இன்னும் மாட்டியிருந்தது. கார்புரேட்டர் இல்லாத அடுத்த வண்டி வந்தாலும், இரட்டைக் காவலாக மாட்டு என்றுதான் கேட்பார்கள். ரோடு அகலமாக இருந்த இடத்தில் ஓரங்கட்டினேன். பாய் பதறிவிட்டார், மறுபடியும் நின்றுவிட்டதோ என்று. எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சட்டைப் பையிலிருந்து காகிதத்தில் மடித்த நூலை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

"பெட்டி கெடலீங்க பாய். இது உள்ள சுத்தியிருந்துச்சு. நான் மாட்டுன உறையில இருந்து பிரிஞ்சதுங்க."

அவர் நூலை நீட்டிப் பார்த்தார். துணி வியாபாரிக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"கடைசிப் பக்கத்தை உள்ள வச்சு மாட்டியிருக்க."

"ஆமாங்க."

"என் கடையில பொட்டலம் கட்டற பொம்பளைக்குத் தெரியும், ரிப்பு எந்தப் பக்கம் பிரியும்னு. நீ பிட்டரு."

"ஆமாங்க பாய்."

நூலை விரலில் சுற்றிக்கொண்டார். லாரி ஒன்று எங்களைத் தாண்டி முக்கி முக்கி ஏறியது.

"என் சம்சாரத்தைக் காய்கறி லாரியில ஏத்தி விட்டேன். அன்னிக்கு எறங்குனப்ப அவ சேலையெல்லாம் முட்டைக்கோசு வாடை. இன்னிக்கு வரைக்கும் அதையே சொல்லிக் காட்டறா. இந்த நூல் கதையை நீயே வந்து அவகிட்டச் சொல்லு. என்னால முடியாது" என்றார். பிறகு, "வண்டிய எடு" என்றார்.

குன்னூரில் மகள் வீட்டில் எனக்கும் இலை போட்டார்கள். இறங்கும்போது அவர் கண்ணை மூடிச் சீட்டில் சாய்ந்துகொண்டார். காரை விற்பாரா, காதர்பேட்டையில் என்னைப் பற்றி என்ன சொல்வார் என்று தெரியாமலே திருப்பூர் வரை ஓட்டினேன். வீட்டு வாசலில் அவர் சம்சாரத்திடம் நானே சொன்னேன். அந்த அம்மா என்னையும் பாயையும் சேர்த்தே திட்டினார்.

வியாழக்கிழமை முழுக்க நான் சைக்கிளில் சுற்றினேன். உறை மாட்டிய வண்டிகள் நிற்கிற கம்பெனி ஒவ்வொன்றாகப் போய், குழாய் வாயிலிருந்து உறையைக் கழற்றினேன். ஏன் என்று கேட்டவர்களிடமெல்லாம் காரணத்தைச் சொன்னேன். சில பேர் சிரித்தார்கள். வீரபாண்டியில் ஒரு டையிங்காரர் இனிமேல் வண்டியை உன்னிடம் விட மாட்டேன் என்றே சொல்லிவிட்டார். விடவும் இல்லை. புரோக்கர் வந்தானா, பாய் என்ன சொன்னார் என்று போய்க் கேட்க எனக்குத் தைரியமில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் ஷெட்டைக் கழுவி, ஸ்பேனர்களை வரிசையாக வைத்து, பொட்டு வைத்தேன். கம்பெனியில் கொடுத்த பொரி மூட்டையை அம்மா அப்படியே ஷெட்டுக்குக் கொண்டுவந்தாள். மேனேஜருக்கு என்ன பதில் சொன்னாய் என்று கேட்டேன்.

"வர மாட்டாருங்கன்னு சொல்லிட்டேன். கம்பெனியில போயி ரிப்பை மாத்திப் போட்டுட்டு வந்தா எனக்குத்தான் கேவலம்" என்றாள். சிரிக்காமல்தான் சொன்னாள்.

கற்பூரம் ஏற்றி முடிக்கிற நேரத்தில் ஜப்பான் கார் வந்து நின்றது. பாய் இறங்கினார். பின்னாலேயே அவருடைய கடை வேன் வந்தது, டிரைவர் சாவியை என்னிடம் நீட்டினான். சத்தம் வருகிறது, பார்த்து வை என்று மட்டும் பாய் சொன்னார். காரைப் பற்றியோ புரோக்கரைப் பற்றியோ ஒரு பேச்சும் இல்லை. நீங்கள் இரண்டு பேரும் பொரிக்குள் கடலையைத் தேடிக் கொட்டிக்கொண்டிருந்தீர்கள். பாய் உங்கள் நடுவில் குனிந்து ஒரு கை பொரி அள்ளிக்கொண்டு, வேனின் காற்றுக் குழாய் வாயில் உறை ஏதும் இருக்கிறதா என்று தாமே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.